அப்பா ஒருநாள் சென்ட் பூசினார்

எங்கள் வீட்டில் யாரும் மணக்கக் கூடாது. அப்பா குன்னூர் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கர், இலையைப் பக்குவம் பார்ப்பவர். எந்த வாசனையையும் தேயிலை சட்டென்று பிடித்துக்கொள்ளும் என்பதால் அவருக்குப் பவுடர் கிடையாது, வாசனை சோப்பு கிடையாது. அம்மா மல்லிகை வைப்பது கூட அவர் வேலைக்குப் போன பிறகுதான். பள்ளிக்கூட விழாவுக்கு மற்ற அப்பாக்கள் கமகமவென்று வந்து நிற்கும்போது எனக்கு மானம் போகும்.

தேயிலை விலை விழுந்து ஃபேக்டரியைப் பூட்டிய வருடம், துபாயிலிருந்து லீவில் வந்த மாமா, அம்மாவின் தம்பி, அப்பாவுக்குக் கோயமுத்தூர் ஜவுளிக்கடையில் வேலை பேசிவைத்தார். கூடவே இரண்டு பச்சை சென்ட் பாட்டில்களையும் மேசைமேல் வைத்தார்.

"நாலு பேரு முன்னால நின்னு துணி காட்டோணும். கொஞ்சம் மணமா இருக்கோணுமுங்க மச்சான். ரெண்டுல ஒண்ணு எடுத்துக்குங்க."

எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே? அப்பா தனித்தனிக் காகிதத்தில் தெளித்து, முகர்ந்து, தண்ணீர் குடித்து, வாசல்வரை நடந்துவிட்டு வந்து மறுபடியும் முகர்ந்தார். இரண்டு நாள் இதே கூத்து. ஒன்றில் சைப்ரஸ் மரக்கிளையை ஒடித்த வாசனை. மற்றதில் முதலில் சோப்பு மணம், காய்ந்தபின் ஈரப்பாசி மாதிரி ஏதோ ஒன்று. மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது.

கோயமுத்தூருக்குக் கிளம்பும் காலையில் அப்பா இரண்டாவதை எடுத்தார்.

"இது காயக் காய, நம்ம ஃபேக்டரில கொழுந்து வாட்டற மாடியாட்ட மணக்குது."

அம்மா அவருடைய பெட்டியை மூடினாள்.

சட்டை, கழுத்து, கைக்குட்டை என்று தாராளமாகப் பூசிக்கொண்டார். என் அப்பாவும் மணத்தார். பஸ் நிறுத்தம்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு பெருமையாக நடந்தேன். பஸ் வருவதற்குள் ஃபேக்டரி வாட்ச்மேன் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஏனுங்க, ஃபேக்டரியத் தொறக்கறாங்க. பத்து மணிக்குக் கொழுந்து வருது. மொதலாளி உங்களக் கையோட கூட்டியாரச் சொன்னாருங்க."

அப்பா ஓட்டமும் நடையுமாக வீடு திரும்பி நேரே குளியலறைக்குள் போனார். அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீர். சீயக்காய், கடலைமாவு, அடுப்புச் சாம்பல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நடுநடுவே கதவிடுக்கில் கையை நீட்டுவார். அம்மா முகர்ந்து பார்த்து, "இன்னும் இருக்குதுங்க" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், கண்ணில் தண்ணீர் வழிந்தது. உள்ளே அப்பா ஏதோ பாடினார். நாலாவது தடவைதான், "போச்சுங்க, கெளம்புங்க" என்றாள்.

நான் பக்கத்தில் நின்று தேம்பினேன். இரண்டு நாள் முகர்ந்து எடுத்த சென்ட். அப்பாவுக்கு அது பிடிக்காமல்தான் போய்விட்டது என்று வெகுநாள் நினைத்திருந்தேன், அம்மா அழுததும் அதற்குத்தான் என்று.