எட்டுக் குவளைத் தண்ணீர்

நன்றி சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. யாங்கூனில் எங்களுக்கு நல்லது செய்தவர்கள் சொற்பம். செய்தவர்களும் அதைச் சொல்லிக்காட்டியே தீர்த்தார்கள். ஆர்மீனியர் சர்ச் ஆன்டி மட்டும் சொல்லிக்காட்டவில்லை.

அப்பா அந்த சர்ச்சைப் பெருக்குபவர். பின்னாலிருந்த அறைதான் எங்கள் வீடு. சர்ச்சைப் பார்த்துக்கொண்ட ஆன்டி பாதி ஆர்மீனியர், பாதி பர்மியர். முன்கூடத்து மேசையில் அவருடைய இறந்துபோன கணவர் செய்த மண் மடாலயம் இருந்தது. பானைக்குப் பேர்போன பக்கத்து ஊர் த்வாண்டேயின் மண். சுட்டால் வெடிக்கும் என்று வெயிலில் மட்டும் காயவைத்தாராம். அசல் மடாலயம் ஆர்மீனிய மலையில் எண்ணூறு வருடமாக நிற்கிறது. பாதி கட்டியது, பாதி குடைந்தது. பாறையின் உச்சியில் துளை போட்டு, மேலிருந்து வெட்டிக்கொண்டே இறங்கினார்களாம். தூணும் வளைவும் ஒரே பாறை. வெளிச்சம் அந்தத் துளை வழியாகத்தான். வெளியே கூம்புக் கோபுரம், சரிகைபோலச் சிலுவை செதுக்கிய கற்கள்.

எனக்கு அப்போது ஏழு வயது. அப்பாவை வேலையில் வைப்பதா, அனுப்புவதா என்று மறுநாள் வரும் வெளிநாட்டுப் பாதிரியார் முடிவுசெய்வார் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். அம்மா பர்மியர். பகோடாவில், அவரவர் பிறந்த கிழமைக்குரிய புத்தருக்கு, வயதோடு ஒன்று கூட்டி அத்தனை குவளை நீர் ஊற்றி வேண்டிக்கொள்ளப் பழக்கியிருந்தார். நான் மடாலயத்தின்மேல் எட்டுக் குவளை ஊற்றினேன். ஐந்தாவதில் கோபுரம் சரிந்தது. வேண்டுதலைப் பாதியில் விடக்கூடாது என்று மிச்சம் மூன்றையும் ஊற்றினேன். சுவர்கள் மட்டும் மிஞ்சின.

அப்பா அறைந்தார். "போச்சு. இனி வேலை கேட்டு ஷ்வேப்யிதா ஃபேக்டரி வாசல்ல போய் நிக்க வேண்டியதுதான்."

"புள்ளைய விடுப்பா," என்றார் ஆன்டி, அப்பாவிடம் பழகிய தமிழில். "சாமிதானே கும்பிட்டிருக்கா."

மறுநாள் பாதிரியார் கோபுரம் எங்கே என்று கேட்டார். அசல் கோபுரமும் ஒருமுறை நிலநடுக்கத்தில் விழுந்ததே, கணவர் அந்தக் கோலத்தில்தான் செய்தார் என்று ஆன்டி அசராமல் சொன்னார். தூசி படாமல் இதைக் காப்பவர் இவர்தான் என்று அப்பாவையும் காட்டினார். பாதிரியார் தொப்பியைக் கழற்றிச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். அப்பாவின் வேலை நிலைத்தது. அந்த அறையிலிருந்துதான் நான் பள்ளிப் படிப்பை முடித்தேன்.

அன்று பாதிரியார் போனதும் ஆன்டி கரைந்த மண்ணையெல்லாம் ஒரு பால் டப்பாவில் வழித்துப் போட்டார். கணவரின் விரல் ரேகை பதிந்திருந்த ஒரு துண்டை மட்டும் கைக்குட்டையில் வைத்தார்.

"டப்பாவுல என்ன செடி வைக்கப்போறீங்க ஆன்டி?"

"பாப்போம்."

மல்லிகை வைக்கச் சொன்னேன்.