கஃபீல் கையெழுத்து இல்லாமல்: ஷார்ஜாவிலிருந்து தம்மாம் வழியாக பஹ்ரைன்

போன நவம்பரில் ஒரு சாயங்காலம் தம்மாமிலிருந்து அண்ணன் போன் செய்தார். பெயர் முத்துக்குமார். பதினான்கு வருடமாக சவூதியில் வெல்டர். நலம் விசாரிப்பெல்லாம் முடிந்த பிறகு, "கலா, ஒனக்கு தேசிய தின லீவு எத்தன நாளு? பஹ்ரைன் போவமா?" என்றார்.

"பஹ்ரைன்ல என்னண்ணே இருக்கு?"

"ஒண்ணுமில்ல. போயிட்டு வருவோம்."

நான் ஷார்ஜாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். ரோலாவில் குடியிருக்கிறோம். அமீரகத்துக்கு நான் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. அண்ணன் இருக்கும் ஊர் சாலை வழியே ஒரு பகல் தூரம்தான். ஆனாலும் இத்தனை வருடத்தில் நாங்கள் பார்த்துக்கொண்டது புதுக்கோட்டையில் மட்டும்தான், அதுவும் மூன்று முறை. ஒரு வெல்டர் சவூதி எல்லையைத் தாண்ட வேண்டுமென்றால் அவருடைய கஃபீல், அதாவது விசாவுக்குப் பொறுப்பான முதலாளி, கையெழுத்துப் போட வேண்டும். ஊருக்குப் போகவே கெஞ்ச வேண்டியிருந்த காலத்தில், ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று எவன் போய்க் கேட்பான்?

ஏழு வருடத்துக்கு முன் அப்பா இறந்தபோது அந்தக் கையெழுத்துக்காக அண்ணன் ஒன்பது நாள் காத்திருந்தார். கையெழுத்துப் போட வேண்டியவர் வெளிநாடு போயிருந்தார். அவர் வந்து போடுவதற்குள் ஊரில் எல்லாம் முடிந்துவிட்டது. சடங்கை அண்ணன் தொழிலாளர் கேம்ப் கட்டிலில் உட்கார்ந்து வீடியோவில் பார்த்தார். அப்படிப்பட்டவர் "போயிட்டு வருவோம்" என்று சாதாரணமாகச் சொன்னதும் எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அன்றைக்கே சவூதி சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பித்தேன். அமீரகத்தில் குடியிருப்பு அனுமதி இருந்தால் இணையத்திலேயே வாங்கிவிடலாம். எனக்கு இரண்டாம் நாளே வந்துவிட்டது.

எங்கள் பள்ளிக்கு வெள்ளியும் விடுமுறை என்பதால் ஐந்து நாள் கையில் இருந்தது. வீட்டுக்காரர் மகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். வெள்ளி காலை ஐந்தரைக்கு ரோலாவில் துபாய் பஸ் பிடித்து, துபாயில் ஏழரைக்குக் கிளம்பும் தம்மாம் பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் 210 திர்ஹம். தூரம் ஏறக்குறைய 880 கிலோமீட்டர். அபுதாபி தாண்டியதும் பார்ப்பதற்கு மணலும் மின்கம்பமும்தான். கழுத்துத் தலையணை இல்லாமல் இந்தப் பஸ்ஸில் ஏறாதீர்கள், எனக்கு மூன்று நாள் கழுத்து திரும்பவில்லை. குவைஃபாத் எல்லைக்குப் பன்னிரண்டே முக்காலுக்கு வந்தோம். இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றேமுக்கால் மணி நேரம். பெண்களுக்குத் தனி வரிசை இருந்தது, கைரேகை வாங்கிக்கொண்ட சவூதிப் பெண் அதிகாரி "தனியாகவா?" என்று கேட்டுவிட்டு, சிரித்து முத்திரை குத்தினார். ஹுஃபூஃபில் டீக்கு நிறுத்தினார்கள். சவூதி நேரம் ஒரு மணி பின்னால். அந்தக் கணக்கில் ஏழு மணிக்கு தம்மாம்.

பஸ் நிலையத்தில் அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையுடன் நின்றார். தலையில் நரை கூடியிருந்தது. "எளச்சுப் போயிட்ட" என்றார். நான் இளைக்கவில்லை. அண்ணன் எப்போதும் சொல்லும் வார்த்தை அது.

சனிக்கிழமை தம்மாம் கடற்கரையில் நடந்தோம், மீன் சாப்பிட்டோம். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தமிழ் மெஸ் ஒன்றில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஆறுமுகம் என்பவர் வந்தார். பரமக்குடிப் பக்கம். பழைய கேம்ப்பில் அண்ணனோடு ஒரே ரூமில் இருந்தவர். அண்ணன் வடை வாங்க எழுந்து போன இடைவெளியில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"டீச்சர், ஒங்க அண்ணன் ஒங்கள்ட்ட எதுவும் சொல்லிருக்க மாட்டாரு. சட்டம் மாறுன புதுசுல, ஒரு வருசம் முடிச்சா கஃபீல கேக்காம கம்பெனி மாறலாம்னு சொன்னாங்க. நாங்க யாரும் நம்பல. இவருதான் போன வச்சுக்கிட்டு, ஒவ்வொரு அரபி வார்த்தையா மொழிபெயர்த்துப் படிச்சாரு. மொத ஆளா இவரே எழுதிக் குடுத்தாரு. கம்பெனிக்காரன் என்ன பண்ணான் தெரியுமா? ஆளு ஓடிப்போயிட்டான்னு ஹுரூப் போட்டுட்டான்."

ஹுரூப் என்பது வேலையை விட்டு ஓடிவிட்டார் என்று முதலாளி கொடுக்கும் புகார். அது ஏறிவிட்டால் ஆள் சட்டவிரோதம். பிடிபட்டால் நேராக ஊருக்குத்தான்.

"அப்புறம்?"

"தெனம் டூட்டிக்கு வந்து கைரேகை வச்ச ரெக்கார்ட போட்டோ எடுத்து வச்சிருந்தாரு மனுசன். லேபர் ஆபீஸ்ல போயி அவரே அரபில பேசுனாரு. வக்கீலு கிக்கீலு மாஃபி, ஒருத்தரும் கெடையாது. மூணு மாசம் இழுத்துச்சு. கம்பெனி போட்டது பொய்ப் புகார்னு தீர்ப்பாச்சு, இவரும் புதுக் கம்பெனிக்கு மாறிட்டாரு. அதுக்கப்புறம் எங்க கேம்ப்ல பதினேழு பேருக்கு அவருதான் எழுதிக் குடுத்தாரு. நானும் ஒருத்தன்."

அண்ணன் வடைத் தட்டோடு வந்தார். "என்னத்தடா சொல்லிக்கிட்டிருக்க?"

"ஒண்ணுமில்லண்ணே, வெயில் கொறஞ்சிருச்சுனு சொன்னேன்."

அந்த மூன்று மாதமும் அண்ணன் வாரம் தவறாமல் என்னிடம் பேசினார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பட்டப்படிப்புக்குப் பணம் அனுப்பியவர் என்று இத்தனை நாள் அவரைப் பற்றிப் பிறரிடம் சொல்லி வந்தேன். சொல்வதற்கு அதைவிடப் பெரிய விஷயம் இருந்தது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. கண் கலங்கியது, வடை காரம் என்றேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு யூசுஃப் பாயின் டாக்ஸியில் கிளம்பினோம். கோழிக்கோட்டுக்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார். பஹ்ரைன் தலைநகர் மனாமா வரை ஆளுக்கு 100 ரியால், பாலத்தின் சுங்கம் உட்பட. கோபாரைத் தாண்டியதும் பாலம் தொடங்குகிறது. கடல் மேல் இருபத்தைந்து கிலோமீட்டர். நடுவில் ஒரு செயற்கைத் தீவு. இரண்டு நாட்டுச் சோதனையும் அந்தத் தீவில்தான். தண்ணீர் இரண்டு பக்கமும் வெளிர்ப் பச்சையாக இருந்தது. அண்ணன் வெளியே பார்க்கவில்லை. மடியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பைக் கெட்டியாகப் பிடித்திருந்தார்.

காரில் உட்கார்ந்தபடியே பாஸ்போர்ட்டைக் கொடுத்தோம். என்னுடையது உடனே வந்துவிட்டது. அண்ணனுடைய எண்ணைத் தட்டிய இளம் அதிகாரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளே வரச் சொன்னார். பழைய புகார் வந்ததும் அது தள்ளுபடியானதும் இரண்டுமே பதிவில் இருந்தன. அதைச் சரிபார்ப்பது அவருடைய வேலை. ஆனால் இங்கே ஏதாவது தப்பாகிவிட்டால் புது வேலையும் போய், அண்ணன் நாட்டை விட்டே போக வேண்டியிருக்கும்.

உள்ளே வயதான அதிகாரி ஒருவர் இருந்தார். அண்ணன் அரபியில் பேசினார். எனக்குப் புரியாததால் பிறகு அண்ணனே சொல்லித் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். "உன் கஃபீலுக்குப் போன் போடு, நான் பேசுகிறேன்" என்றாராம் அதிகாரி. நூறு முறை கேட்டுப் பழகிய வார்த்தை அது. அண்ணன் போனை எடுக்கவில்லை. "போய்த் திரும்பும் இந்த விசாவை நானே எடுத்தேன். புதுச் சட்டத்தில் எனக்கு அந்த உரிமை இருக்கிறது. தீர்ப்பு இதோ இருக்கிறது, படித்துப் பாருங்கள்" என்று கோப்பை நீட்டினாராம். குரலை உயர்த்தவில்லை, கையைக் கட்டிக்கொண்டும் நிற்கவில்லை. அதை மட்டும் நான் கண்ணால் பார்த்தேன்.

நாற்பது நிமிடம். அதிகாரி யாருக்கோ போன் செய்தார், தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார். எனக்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்கச் சொன்னார். கடைசியில் முத்திரையைக் குத்திவிட்டு அண்ணனிடம் ஏதோ சொல்லிக் கை கொடுத்தார்.

"என்னண்ணே சொன்னாரு?"

"பேப்பரையெல்லாம் நல்லா வச்சிருக்கியேனு சொன்னாரு." காருக்கு நடந்துகொண்டே தாள்களை வரிசை மாறாமல் கோப்பில் அடுக்கினார்.

பஹ்ரைன் பக்கம் ஐந்தே நிமிடம். யூசுஃப் பாய் வண்டியை எடுத்ததும், "கலாஸ், எல்லாம் முடிஞ்சது, இனி சாப்பாடுதான்" என்றார்.

மனாமாவின் பழைய கடைத்தெரு வாசலுக்கு எதிரே சதுக்கத்தில் இறங்கினோம். கடல் முன்பு இந்த வாசல் வரை இருந்ததாம், பிறகு தூர்த்துவிட்டார்கள். ஏன் பஹ்ரைன் என்று அப்போதுதான் அண்ணன் சொன்னார். எங்கள் தாத்தாவின் அண்ணன் வேலுச்சாமி இங்கே வந்து இறங்கியவர். போர்க்காலத்தில் பம்பாயில் ராணுவப் பட்டறை ஒன்றில் ஃபிட்டர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பட்டறையில் ஆளைக் குறைத்தார்கள். வளைகுடாவில் எண்ணெய்க் கம்பெனிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. கப்பலேறிவிட்டார்.

அந்தக் காலத்தைப் பற்றி நான் கொஞ்சம் படித்திருக்கிறேன். போருக்கு முன்பு குஜராத்தி, சிந்தி வியாபாரிகள் படகில் வந்து கடை போட்டார்கள், முத்து வாங்கினார்கள். பெரிய கெடுபிடி இல்லை. போருக்குப் பிறகு எண்ணெய் வேலைக்கு ஆட்கள் திரள ஆரம்பித்ததும் நிலைமை மாறியது. பஹ்ரைன் அப்போது பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்தது. யார் உள்ளே வரலாம் என்பதை அவர்களுடைய அலுவலகம் முடிவு செய்தது. கம்பெனி கேட்க வேண்டும், அலுவலகம் ஆட்சேபணை இல்லை என்று தாள் தர வேண்டும். வெளியாளுக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்ற வழக்கமும் அந்தக் காலத்தில்தான் வலுத்தது. வளைகுடா நாடுகள் சுதந்திரமான பிறகு அதுவே எல்லா இடத்திலும் கஃபீல் முறையாக நிலைத்தது. ஆள் வேண்டும், ஆனால் அவன் இருக்க வேண்டிய இடத்தை வேறொருவர் தீர்மானிக்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் கொள்கை இதுதான்.

வேலுச்சாமித் தாத்தா இரண்டு வருடம் கழித்து, கூலி கூடுதலாகத் தரும் வேறொரு காண்டிராக்டரிடம் போகிறேன் என்று கேட்டிருக்கிறார். கேட்ட மாதமே கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஊரில் அவரை "சண்டை போட்டு வேலையை விட்டவர்" என்றுதான் சொல்வார்கள். அப்பாவும் அப்படித்தான் சொன்னார்.

"அவரு சண்ட போடல கலா," என்றார் அண்ணன். "கேட்டாரு, அவ்வளவுதான். நானும் அதத்தான் கேட்டேன். அவரு கேக்கையில சட்டம் இல்ல, நான் கேக்கையில இருந்துச்சு."

பெருமையாகச் சொல்லவில்லை. ஒரு வெல்டிங் இணைப்பு எப்படிப் பிடித்தது என்று விளக்குவதுபோலச் சொன்னார். பெருமைப்பட்டதெல்லாம் நான்தான். கடைத்தெருவுக்குள் இருக்கும் பழைய கிருஷ்ணர் கோயிலுக்குப் போனோம். சந்நிதியில் அண்ணன் அப்பா பெயரையும் வேலுச்சாமித் தாத்தா பெயரையும் சொல்லி அர்ச்சனை செய்யச் சொன்னார். வடநாட்டுப் பூசாரிக்கு "வேலுச்சாமி" வாயில் நுழையவில்லை. மூன்று முறை சொல்லிக்கொடுத்தோம்.

பக்கத்துச் சந்தில் மதியச் சாப்பாடு, இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்றரை தினார். அண்ணன் மோருக்கு மூன்று முறை கை நீட்டினார். நான்கரைக்கு என்னை விமான நிலையத்தில் விட்டுவிட்டு அவர் யூசுஃப் பாயோடு திரும்பினார். பஹ்ரைனிலிருந்து ஷார்ஜாவுக்கு நேரடி விமானம் ஒரு மணி பத்து நிமிடம். முன்கூட்டியே எடுத்ததால் 390 திர்ஹம்.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். வியாழன், வெள்ளி மாலைகளில் பாலத்தில் நெரிசல் தாங்காது. ஞாயிறு காலை போங்கள். சவூதி விசா, பஹ்ரைன் விசா இரண்டையும் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே இணையத்தில் முடித்து, தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். சவூதியில் கம்பெனி வேலையில் இருக்கும் நம் ஆட்கள், போய்த் திரும்பும் விசாவை அரசு ஆப்பில் தாங்களே எடுக்கலாம். எடுப்பதற்கு முன் உங்கள் மேல் ஏதாவது புகார் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், முடித்துவைத்த தீர்ப்பின் அசலைக் கையில் வைத்திருங்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றன, அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபார்க்காமல் என்னை நம்பிக் கிளம்ப வேண்டாம். இன்னொன்று: வீட்டு வேலை செய்பவர்கள், வீட்டு டிரைவர்கள், ஆடு மேய்ப்பவர்களுக்கு இந்தப் புதுச் சட்டம் பொருந்தாது. அவர்கள் இன்னமும் கையெழுத்துக்குத்தான் காத்திருக்கிறார்கள். என் பெருமையில் அதை மறைத்தால் நேர்மையாக இருக்காது.

விமானம் ஏறுவதற்கு முன் அண்ணனுடைய போன் வந்தது. பாலத்தைத் தாண்டிவிட்டாராம்.

"ஏதாச்சும் கேட்டாங்களாண்ணே?"

"காலைல இருந்த பெரியவரே நின்னாரு. என்ன வேலையா பஹ்ரைன் போனன்னு கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"வேல ஒண்ணுமில்ல, தங்கச்சியோட சாப்புடப் போனேன்னு சொன்னேன். சரி போன்னுட்டாரு."

அதைச் சொல்லிவிட்டு அண்ணன் சிரித்தார். அப்பா இறந்ததிலிருந்து இந்த ஏழு வருடத்தில் அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை.