என் பேர்ல எழுதிக்கோங்க

என் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி இருந்தது. ரோட்டில் கார் இடித்துக்கொண்டால், இடித்தது யாராக இருந்தாலும் தன் பேரில் எழுதச் சொல்லிவிடுவார்.

ஷார்ஜாவில் விபத்து நடந்தால் போலீஸ் வந்து தப்பு செய்தவனுக்குச் சிவப்புத் தாளும் மற்றவனுக்குப் பச்சைத் தாளும் கொடுக்கும். அந்தத் தாள் இல்லாமல் எந்த கராஜிலும் ஒரு பம்பரைக்கூடத் தொடமாட்டார்கள். கம்பெனி வண்டி ஓட்டுகிறவன் சிவப்புத் தாளோடு போனால் வேலையே போய்விடும், ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். அதனால் நம் ஆட்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சொந்தக் காருக்கு முழு இன்சூரன்ஸ் வைத்திருப்பவர் சிவப்பைத் தான் வாங்கிக்கொண்டு மற்றவனைக் காப்பாற்றிவிடுவார். எல்லாரும் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். இவர் செய்தார்.

முதல் தடவை, பார்க்கிங்கில் நின்றுகொண்டிருந்த எங்கள் காரின் பின்னால் ஒரு டெலிவரி வேன் வந்து மோதியது. ஓட்டியவன் சிவகங்கைப் பக்கத்து இளைஞன், லைசன்ஸ் எடுத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வேனோ கம்பெனியுடையது. போலீஸ்காரரிடம், "நான்தான் ரிவர்ஸ் எடுத்தேன், என் பேர்ல எழுதிக்கோங்க" என்று இந்தியில் சொல்லிவிட்டு வந்து நிற்கிறார் மனுஷன்.

"தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும். உங்களுக்கு என்ன மிஞ்சிப்போச்சு?" என்று கத்தினேன்.

"நமக்குத்தான் ஃபுல் இன்சூரன்ஸ் இருக்குல்லா. அந்தப் பயலுக்கு வேல போயிரும்லா" என்றார்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் அவன் முவைலாவில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். என் கையால் மீன்குழம்பு. அண்ணே அண்ணே என்று இவர் பின்னாலேயே திரிவான். அடுத்த வருஷம் இவர் இன்னொரு சிவப்பு வாங்கினார். அதில் இவர் காப்பாற்றிவிட்ட ஆள் யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

மூன்றாவது நிஜமாகவே இவருடைய தப்பு. மேனேஜர் போனில் திட்டிக்கொண்டிருக்க, சிவப்பு சிக்னலைத் தாண்டிப் போய் ஒரு பிக்கப்பின் வயிற்றில் இடித்துவிட்டார். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை, மாதாவுக்கு நன்றி. பிளாக் பாயின்ட் சட்டம் புதிதாக வந்திருந்த நேரம். லைசன்ஸில் கரும்புள்ளிகள் விழுந்தன, காரைப் பிடித்து அடைத்துவைத்தார்கள். கார் திரும்ப வந்தபோது இன்சூரன்ஸ் முடிகிற நாள் நெருங்கியிருந்தது. இன்சூரன்ஸ் இல்லாமல் ரிஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்க முடியாது.

இவர் கடைகடையாகப் போய் பம்பு சாமான்களுக்கு ஆர்டர் பிடிக்கிற சேல்ஸ்மேன். சொந்த வண்டி இருந்தால்தான் அந்த வேலை. நான் கிளினிக்கில் நர்ஸ் என்றாலும் எனக்கும் மகளுக்கும் விசா இவருடைய விசாவில்தான். மூன்று பேரும் அந்த ஒரு காரில் தொங்கிக்கொண்டிருந்தோம்.

கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினோம். எல்லாக் கவுன்ட்டரிலும் கம்ப்யூட்டரைப் பார்ப்பார்கள், முகம் மாறும். "மாஃபி, பாய்", கிடையாது என்று ஒருவன் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னான். தேர்ட் பார்ட்டி மட்டுமாவது கொடுங்கள் என்று கேட்டோம். அதற்கும் ஆள் இல்லை. கடைசியில் ஒரு மலையாளிப் பெண் மட்டும் உட்காரச் சொன்னாள்.

"மூணு கேஸும் உங்க தப்புன்னுதான் இருக்கு சேட்டா. ஒண்ணுகூட பச்சை இல்லையே?"

இவர் சிரித்தார். அதில் இரண்டு இவருடையதே இல்லையம்மா என்று கத்த வாய் வந்தது. கத்தி என்ன செய்ய? போலீஸுக்குப் பொய் சொன்னதுதானே வெளியே வரும்.

க்ளெய்மே இல்லாத யார் பேருக்காவது காரை மாற்றிவிடுங்கள், அவர் பேரில் இன்சூரன்ஸ் கிடைக்கும் என்று அவள் மெதுவாகச் சொன்னாள். எனக்கு லைசன்ஸ் கிடையாது. டெஸ்டில் தோற்றுத் தோற்று விட்டுவிட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஆள்தான் ஞாபகத்துக்கு வந்தான்.

அந்த சிவகங்கைக்காரன் இப்போது வேறு கம்பெனியில், சொந்தக் காரோடு இருந்தான். அவன் ரூமுக்குப் போனோம். பக்கத்து ரூம் பையனிடம் டீ வாங்கிவரச் சொன்னான். இவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. வந்ததுலேருந்து எம் பேர்ல ஒரு கேஸ் கெடையாதுண்ணே. ரெக்கார்டு கிளீனா இருக்கு. அத கெடுத்துக்க வேணாம்னு பாக்குறேன்."

அந்த கிளீன் ரெக்கார்டை அவனுக்குக் கொடுத்ததே இவர்தான். அவனுக்கு அது மறந்துபோயிருந்ததா, மறந்ததுபோல் இருந்தானா, தெரியவில்லை. டீயைத் தொடாமல் நான் எழுந்துவிட்டேன். இவர் முழுக் கப்பையும் குடித்துவிட்டுத்தான் வந்தார்.

"பயந்துட்டான். அவனும் என்ன செய்வான், பாவம்" என்றார் படியிறங்கும்போது.

அந்த மாதமே கலாஸ். வேலை போனது, விசா மூன்றும் கேன்சல் ஆனது, கார் தொழிற்பேட்டையில் உதிரிச் சாமானுக்குப் போனது. மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் நிறுத்தினோம். ஊருக்கு வந்தும் இவருக்குச் சரியான வேலை அமையவே இல்லை.

ஷார்ஜாவை விட்டுக் கிளம்பிய அன்று ஏர்போர்ட்டுக்கு எங்களைக் கொண்டுவிட அந்த சிவகங்கைக்காரன்தான் வந்தான். டாக்ஸி பிடிப்போம் என்று நான் எவ்வளவோ சொன்னேன், இவர் கேட்கவில்லை. அவன் பெட்டிகளையெல்லாம் தானே தூக்கி வைத்தான். இவர் முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார். நானும் மகளும் பின்னால். அவனுடைய பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே போனேன். அவ்வளவு வெறுப்பு எனக்கு அதற்கு முன்பு யார் மேலும் வந்ததில்லை.

இவர் இடித்த அதே சிக்னல் வந்தது. பச்சை மாறப் போகிற நேரம். அவன் வேகத்தைக் கூட்டினான்.

இவர் அவன் கையைத் தொட்டார். "நிறுத்து தம்பி. நம்ம பிளைட்டுக்கு நேரம் இருக்கு. உன் பேர்ல ஒண்ணும் வந்துரக்கூடாது."

அவன் பிரேக்கை மிதித்தான்.