ருசி தெரியாத சமையல்காரி

கூபர் பீடி என்ற பாலைவனச் சுரங்க ஊரில் ஸ்தோயான்காவின் சாப்பாட்டுக்கடைக்குப் போக எட்டுப் படி இறங்க வேண்டும். குன்றைக் குடைந்து அவள் புருஷன் மிலுட்டின் வெட்டிய கடை அது. முதலில் ஓபல் என்ற ரத்தினக்கல்லைத் தேடித்தான் வெட்டினான். கல் கிடைக்கவில்லை, ஏழு மேசை போட இடம் கிடைத்தது. போஸ்னியாவின் ஒரு மலையூரிலிருந்து கல்யாணமாகி இருபத்தாறு வயதில் இங்கே வந்தவள், அந்த ஏழு மேசையிலேயே முப்பத்திரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டாள். மிலுட்டின் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை.

கடையில் பெரிதாக ஒன்றும் கிடையாது. பீன்ஸ் சூப், சுட்ட இறைச்சி, மெல்லிய மாவுத்தாள்களில் கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்து அடுக்கிச் சுட்ட புரேக். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சர்மா. புளிக்கவைத்த முட்டைக்கோஸ் இலையில் கொத்துக்கறியும் அரிசியும் வைத்துச் சுருட்டியது, புகைபோட்ட விலாவெலும்போடு ஆறுமணி நேரம் மெல்லிய தீயில் கிடக்கும். அதற்காகவே சுரங்கக்காரர்கள் ஞாயிறன்று குளித்துவிட்டு வருவார்கள்.

அவர்களில் இரண்டு பேர் தினமும் வருகிறவர்கள். ஒருவர் ஷிமே. குரோஷியாவின் கடற்கரையைச் சேர்ந்தவர், எழுபதை நெருங்குகிறவர். மற்றவர் ஒப்ராத். செர்பியர், மிலுட்டினோடு ஒரே குழியில் கல் வெட்டியவர், அந்த உரிமையில் அவளை அண்ணி என்று கூப்பிடுகிறவர். இருவருக்கும் எதிலும் ஒத்துப்போகாது. ஆனாலும் ஒரே மேசையில்தான் உட்காருவார்கள்.

ஷிமே குறை சொல்லாமல் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. "உப்பு பத்தல ஸ்தோயா" என்பார். உப்பு போட்டால், "கடல்ல விழுந்த மாதிரி இருக்கு" என்பார். "அப்ப வராதே, யாரு வெத்தல பாக்கு வெச்சு அழைச்சா?" என்று அவளும் கரண்டியைக் காட்டுவாள். இருபது வருஷமாக இதே பேச்சு.

அங்கே குளிர்காலமான ஜூலையில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஆறு நாள் படுக்கை. ஏழாம் நாள் எழுந்து காப்பி போட்டுக் குடித்தாள். வெந்நீர் மாதிரி இருந்தது. தூளை இன்னும் இரண்டு கரண்டி போட்டாள். அப்போதும் வெந்நீர்தான். பூண்டை நசுக்கி மூக்கில் வைத்துப் பார்த்தாள். கல்லை முகர்ந்த மாதிரி இருந்தது. உப்பை விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் மணல். மிளகாய் மட்டும் எரிந்தது, ஆனால் அது ருசியில்லை, வெறும் எரிச்சல்.

மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்தார். "சில பேருக்குத் திரும்ப வரும், சில பேருக்கு வராது, பொறுத்துப் பாருங்க" என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினார்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சமையல்காரிக்கு ருசி தெரியாது என்று ஊருக்குத் தெரிந்தால் எட்டுப் படியை யார் இறங்குவார்கள்? கைக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் கைக்கு எல்லாம் தெரிந்திருக்கவில்லை. நாக்கு எதையோ சொல்லச் சொல்லத்தான் கை இத்தனை காலமும் போட்டிருக்கிறது. இப்போது உப்பு டப்பாவின் முன்னால் நின்றால், போட்டோமா இல்லையா என்பதே மறந்துபோனது. ஒருநாள் மூன்று முறை போட்டாளோ என்று பயந்து பாதிச் சூப்பைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள்.

ஒரு காலை, அடுப்பில் பால் பொங்கி அடிபிடித்துக் கருகியது. முதுகைக் காட்டி நின்று மாவு பிசைந்துகொண்டிருந்தவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. படியிறங்கி வந்த ஷிமேதான் இருமிக்கொண்டே ஓடிவந்து அடுப்பை அணைத்தார்.

"என்னம்மா, கடைய கொளுத்தப் பாக்குறியா? தெரு வரைக்கும் நாறுதே!"

"ஏதோ யோசனையில இருந்துட்டேன்" என்றாள். அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மேசைக்குப் போனார். தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் குழப்பமே ஆரம்பித்தது. அன்றிலிருந்து ஷிமே குறை சொல்வதை விட்டுவிட்டார். "நல்லாருக்கு" என்றார். மறுநாளும் நல்லாருக்கு. ஒப்ராத் ஒருபடி மேலே போய், "அண்ணி, காய்ச்சலுக்கு அப்புறம் உங்க கைப்பக்குவம் கூடிடுச்சு" என்றார். தட்டுகளை ரொட்டியால் வழித்து, கழுவி வைத்தது போலத் திருப்பித் தந்தார்கள். ஒருவேளை இத்தனை நாளும் என் நாக்குதான் சமையலைக் கெடுத்துக்கொண்டிருந்ததா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

ஆனால் வழிப்போக்கர்களின் தட்டுகள் வேறு கதை சொல்லின. ஓபல் பார்க்க வந்த ஒரு ஜோடி, சூப்பில் இரண்டு கரண்டி குடித்துவிட்டு மரியாதையாகச் சிரித்து எழுந்துபோனது. ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பம் பாதி சாப்பிட்டுவிட்டு எதிரே இருந்த பீட்சா கடையில் நுழைந்ததை அவளே மேலே நின்று பார்த்தாள். உள்ளூர்த் தட்டு காலி, வெளியூர்த் தட்டு பாதி. எதை நம்புவது? தட்டுகளைக் கழுவும்போதெல்லாம் இதே யோசனை. தூக்கம் கெட்டது, எடை குறைந்தது. ருசியில்லாத சோற்றை எதற்காக மெல்ல வேண்டும் என்று அவளே சாப்பிடுவதைப் பாதியாகக் குறைத்திருந்தாள்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். இலைகளைத் தண்ணீரில் மூன்று முறை அலசிப் புளிப்பை எடுத்தாள். எலும்பைப் போடவில்லை. உப்பு டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். துளி உப்பில்லாத சர்மா. ஒப்ராத்துக்கும் ஷிமேவுக்கும் தானே பரிமாறிவிட்டு எதிரில் நின்றாள்.

ஒப்ராத் ஒரு வாய் வைத்தார். கண்கள் கூரையைப் பார்த்தன. மென்றார், விழுங்கினார். "உப்பு கச்சிதம் அண்ணி."

"ஷிமே?"

"நல்லாருக்கு."

அவள் சமையலறைக்குள் போனாள். பரிமாறும் ஜன்னலின் துணித்திரையை ஓரமாக விலக்கிப் பார்த்தாள். ஷிமே சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்தார். ஓபல் துண்டுகளைத் தண்ணீரில் போட்டு வைக்கிற குப்பி. அதில் இருந்தது உப்பு. தன் தட்டில் தூவினார், மேசைக்கு அடியில் ஒப்ராத்திடம் நீட்டினார். ஒப்ராத்திடமிருந்து அது அடுத்த மேசைக்குப் போனது. அங்கிருந்து இன்னொரு மேசைக்கு. இன்னொருவர் பையிலிருந்து மிளகாய்த்தூள் குப்பி கிளம்பியது. சர்ச்சில் காணிக்கைத் தட்டு சுற்றுகிற மாதிரி, சத்தமில்லாமல்.

அவள் திரையை முழுதாக இழுத்துத் தள்ளினாள்.

"எத்தன நாளா நடக்குது இது?"

குப்பியைக் கையில் வைத்திருந்த தடியர் ஒருவர் அதை வாய்க்குள் போட்டுக்கொள்வாரோ என்று தோன்றியது.

"பால் கருகுன நாள்லேர்ந்து" என்றார் ஷிமே. "மூக்குக்குப் பக்கத்துல புகை. உனக்குத் தெரியல. அப்பவே புரிஞ்சுபோச்சு."

"புரிஞ்சா ஏன்யா சொல்லல?"

"நீ சொல்லலையே."

"ஊரே சேந்து என்னைக் கேலி பண்ணியிருக்கீங்க!"

"கேலியா?" ஒப்ராத்துக்குக் குரல் உயர்ந்தது. "அண்ணி, போன மாசம் அந்த பீன்ஸ் சூப்பக் குடிச்சு எனக்கு ரெண்டு நாள் ரத்தக்கொதிப்பு. கேலி பண்றவன் அதக் குடிப்பானா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை. ஷிமேவின் முன்னால் போய் நின்றாள்.

"நீ சொல்லு. இருபது வருஷமா உப்பு பத்தல, உப்பு பத்தலன்னியே. அது நெசமா?"

ஷிமே தட்டைப் பார்த்தார். "நெசமில்ல."

"அப்ப?"

"நல்லாத்தான் இருந்துச்சு. வேற என்ன பேசுறது? பகல் பூரா குழிக்குள்ள தனியா கெடக்கேன். மேல வந்தா ஒருத்தர் நம்மகிட்ட சண்டை போட்டா ஆறுதலா இருக்கும்."

"நல்லாருந்தப்போ நல்லால்லன்னே. நாசமாப் போனப்போ நல்லாருக்குன்னே. ஏன்யா, நீங்கல்லாம் என்ன மனுஷங்க?"

அவள் எல்லோரையும் வெளியே அனுப்பிக் கடையைச் சாத்தினாள்.

நான்கு நாள் சாத்தியே கிடந்தது. படுக்கையில் கிடந்து யோசித்தாள். கோபமா, வெட்கமா, வேறு ஏதாவதா என்று அவளுக்கே பிடிபடவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தால் கண் நிறைந்தது. அந்தச் சூப்பைக் குடித்தார்களே என்று நினைத்தாலும் நிறைந்தது. ஐந்தாம் நாள் கதவைத் திறந்தபோது ஷிமேவும் ஒப்ராத்தும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். தகர டப்பா பீன்ஸைத் தின்று இருவர் முகமும் தொங்கிப்போயிருந்தது.

"உள்ள வாங்க" என்றாள். "சும்மா வரக்கூடாது. பானையில கரண்டியப் போட்டு, மனசுல பட்டத நேராச் சொல்லணும். பொய் சொன்னா இந்தப் படி ஏறி இறங்கக்கூடாது."

அப்படியாகக் காலை பத்து மணிக்கு இரண்டு நாக்குகள் சமையலறைக்கு வர ஆரம்பித்தன. அது இன்னும் பெரிய குழப்பம். ஷிமே வினிகர் போடு என்பார். ஒப்ராத் போடாதே, மிளகாய்த்தூள் போடு என்பார். "உன் நாக்கு சிகரெட்ல வெந்த நாக்கு" என்பார் ஒருவர். "கடற்கரைக்காரனுக்குக் கறி ருசி என்னய்யா தெரியும்" என்பார் மற்றவர். ஒரே பானை, ஒரே கரண்டி. ஒருவருக்கு உப்புக் குறைவு, ஒருவருக்கு அதிகம். இத்தனை வருஷமும் அவள் ஒரே ருசியைத்தான் ஊருக்குப் பரிமாறுகிறோம் என்று நினைத்திருந்தாள். ஒவ்வொருத்தர் வாயிலும் அது வேறு வேறாகத்தான் போய் விழுந்திருக்கிறது போலும். இரண்டு பேர் சொல்வதற்கும் நடுவில் எங்கோ உப்பைப் போட்டாள். வெளியூர்த் தட்டுகள் மெல்ல மெல்லக் காலியாக வந்தன.

டிசம்பரில் புளிப்பு திரும்ப வந்தது. பிறகு உப்பு. ஆனால் வாசனை கோணலாக வந்தது. காப்பி டீசல் மாதிரி நாறியது. பிப்ரவரியில் சிவப்புக் குடைமிளகாய் மூட்டை மூட்டையாக வந்து, அய்வார் துவையலுக்காகத் தீயில் சுட்டபோது, அவளுக்குத் துணி சோப்பு வாசனை அடித்தது. மற்றவர்கள் எல்லாம் மூச்சை இழுத்துக் கண்ணை மூடி நின்றார்கள். அவள் சோப்பு வாசனையோடு முப்பது போத்தல் நிரப்பினாள்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு, பரிமாறி முடித்த பிறகு தனக்கும் ஒரு தட்டில் இரண்டு சர்மா எடுத்துக்கொண்டு ஷிமேவின் மேசையில் உட்கார்ந்தாள். புளிப்பு தெரிந்தது, உப்பு தெரிந்தது. கறி எதைப் போலவும் இல்லை. நினைவில் இருந்த சர்மா இது இல்லவே இல்லை.

"எப்படி அண்ணி?" என்றார் ஒப்ராத்.

"தெரியல."

"நல்லாருக்கா, இல்லையா?"

"தெரியலன்னு சொல்றேன்ல" என்றாள், வாயில் இருந்ததை மென்றபடி. இரண்டும் தீர்ந்துபோயிருந்தன. எழுந்துபோய்ப் பானையிலிருந்து இன்னொன்று எடுத்து வந்தாள்.