துப்பாக்கிக்கும் பொட்டு வைத்தேன்

நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். எழுபதுகளில், மாரண்டஹள்ளிப் பக்கம் எங்கள் கடலைக்காட்டைக் காட்டுப்பன்றிகள் அழித்ததால் வீட்டுக்காரர் தானே ஒரு நாட்டுத்துப்பாக்கி செய்தார். ஆயுத பூஜையன்று கலப்பை, அரிவாளோடு அதற்கும் பொட்டு வைத்தேன். அன்று பொரி நல்ல மொறுமொறுப்பு! பொரி வாங்க வந்த ஊர் மணியக்காரர் துப்பாக்கியைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, லைசென்ஸ் இல்லாம செஞ்சா ஜெயிலு. இதுக்குப் பொட்டு வேறயா?"

நான் அழுதுவிட்டேன். "ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க சாமி!"

"அழுவாத. உன் வீட்டுக்காரரு இப்பவே இதை ஸ்டேசன்ல ஒப்படைக்கட்டும், நானும் கூட வர்றேன்."

வீட்டுக்காரர் திரும்பி வரும்வரை அடுப்பே பற்றவைக்கவில்லை. எச்சரித்து அனுப்பிவிட்டார்களாம்.

இப்போது பன்றி வந்தால் தகர டப்பா தட்டுகிறேன். ஆயுத பூஜைக்கு அந்த டப்பாவுக்குத்தான் பெரிய பொட்டு.