எனக்கு இல்லாத சுகர்

எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. ஆனால் கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் வரை என் சொந்தக்காரர்கள் யாரைக் கேட்டாலும் உண்டு என்பார்கள். போன வீட்டிலெல்லாம் சீனி போடாத காப்பி தருகிறார்கள். குடிக்கிறேன். நான் செய்த காரியத்துக்கு அது ரொம்பச் சின்ன தண்டனை.

என் மகளுக்குப் பதினைந்து வயது. எடை கூடிக்கொண்டே போய் ஈரலில் கொழுப்பு சேர்ந்துவிட்டது. மதுரை டாக்டர் சொன்னபடி சாப்பாட்டையும் நடையையும் மாற்றிப் பார்த்தோம்; போதவில்லை. வாரம் ஒரு ஊசி எழுதிக் கொடுத்தார். “இது சோம்பேறித்தனமில்ல, வியாதி. வெட்கப்பட ஒண்ணுமில்ல” என்றார். தலையாட்டினேன். சாயங்காலம்தோறும் சேவுப் பொட்டலத்தோடு வீட்டுக்குள் நுழைந்து பாசத்தைக் காட்டிய தகப்பன் நான். அவர் சொன்னது எனக்குத்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே ஊசியை அவளே வயிற்றில் போட்டுக்கொள்வாள். முதல் சில வாரம் ஒரே குமட்டல். வகுப்பிலிருந்து பாதியில் எழுந்து ஓடியிருக்கிறாள். ஆனாலும் ஒரு வாரம்கூட விடவில்லை. நாலாவது மாதம் ஒருநாள் மாடியிலிருந்து கத்தினாள்: “அப்பா, படி ஏறிட்டேன். மூச்சு வாங்கல!”

அந்த வாரம்தான் அக்கா விளாத்திகுளத்திலிருந்து வத்தல் பையோடு வந்தாள். எங்கள் குடும்பத்தில் விருந்தாளி செருப்பைக் கழற்றியதும் திறப்பது பிரிட்ஜைத்தான்.

“ஏலே, என்னலே இது, ஊசி? யாருக்கு?”

மகள் தோசைத் தட்டோடு அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். அக்காவிடம் சொன்னால் ஊருக்கே தெரியும். நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கையில் எவனாவது கிளறுவான். இவ்வளவையும் ஒரு நொடியில் யோசித்துவிட்ட அறிவாளி, “எனக்குத்தான்க்கா. சுகர்” என்றேன்.

“அதான பாத்தேன். நீ திங்குத தீனிக்கு வராம என்ன செய்யும்!”

அடுத்த ஞாயிறு மகள் ஊசியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“போட்டுக்கோங்க.”

“என்னட்டி, விளையாடுதியா?”

“உங்க ஊசிதான? அத்தைகிட்ட நீங்கதான சொன்னீங்க.” குரலை உயர்த்தவில்லை. “சுகர்னா வெக்கமில்ல. குண்டுன்னாத்தான் வெக்கம். அப்படித்தானப்பா?”

அன்றைக்கு அவள் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் அவள் எதிரிலேயே, ஸ்பீக்கரில் போட்டு அக்காவை அழைத்தேன்.

“அக்கா, அந்த ஊசி எனக்கில்ல. பிள்ளைக்கு. எடை குறையணும்னு டாக்டர் குடுத்தது. நான் பொய் சொல்லிட்டேன்.”

“ஏம்லே பொய் சொன்ன?” என்றாள் அக்கா.

மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வெக்கமா இருந்துச்சுக்கா.”

மகள் பிரிட்ஜைத் திறந்து ஊசியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

என் சுகரை ஒரே வாரத்தில் ஊரெல்லாம் சொல்லி முடித்த அக்கா, இதை இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. மகளும் அதன்பிறகு ஒரு வாரம்கூட ஊசியை விடவில்லை. போட்டுக்கொள்ள மட்டும் இப்போது ஹாலில் என் பக்கத்தில் உட்காருவதில்லை; அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள்.