நாற்பத்தொரு நாளும் ஒரே ஓர் எச்சரிக்கையும்

எங்கள் அலுவலகத்தில் அக்காவுக்குச் 'சகுனம்' என்று பெயர். காலை ஒன்பது மணிக்கு உள்ளே வந்ததும், தோளில் தொங்கும் பையைக்கூடக் கழற்றாமல் சோதனை மேசைக்குப் போவார். அங்கே வரிசையாக இருக்கும் பன்னிரண்டு இயந்திரங்களும் முந்தின நாள் என்னென்ன முணுமுணுத்தன என்று அச்செடுத்து, பென்சிலோடு உட்கார்ந்துவிடுவார்.

"என்னக்கா, இன்னைக்குச் சகுனம் எப்படி?" என்று ஒலிப் பிரிவுக்காரர் தினமும் கேட்பார்.

"பூனை குறுக்கே போயிருக்கு. உன் பக்கத்திலேர்ந்துதான் வந்துச்சு."

நாங்கள் செய்வது படித்துக் காட்டும் இயந்திரம். பார்வையற்றவர்கள் ஒரு புத்தகத்தைத் திறந்து அதன் கேமராவுக்குக் கீழே வைத்தால், அது உரக்கப் படிக்கும். உள்ளே ஒரு சிறிய கணினி இருக்கிறது. அந்தக் கணினியின் இயங்குதளத்துக்கு அடியில், நினைவகத்தையும் ஒலியையும் கேமராவையும் கட்டி மேய்க்கிற பகுதிக்குக் கர்னல் என்று பெயர். அக்காவின் மாமியார், மருமகள் ஏதோ ராணுவ அதிகாரியிடம் வேலை பார்ப்பதாகவே அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறார்.

கர்னலுக்குள் நடக்கக் கூடாதது நடந்தால் அதற்கு இரண்டு வழிகள் உண்டு. எல்லாவற்றையும் அப்படியே நிறுத்திவிடலாம். அல்லது எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில், யார் யாரை அழைத்து இந்த இடத்துக்கு வந்தார்கள் என்று ஒரு பக்கத்துக்கு எழுதி வைத்துவிட்டு, வேலையைத் தொடரலாம். அக்காவுக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். "கூரை ஒழுகுதுன்னா வீட்டையா இடிப்பாங்க? சொல்லிட்டு வாளியை வைக்கணும்" என்பார். எங்கெல்லாம் அப்படிச் சொல்ல வேண்டும் என்று பார்த்துப் பார்த்து எச்சரிக்கை வரிகளை எழுதுவதுதான் ஆறு வருடமாக அவர் வேலை.

அதற்கு முன்னால் எட்டு வருடம், லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒரு நிறுவனத்தில் தொலைபேசியில் புகார் கேட்டுக்கொண்டிருந்தார். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு மாலைக் கல்லூரியில் சேர்ந்து கணினி படித்தார். "லிஃப்ட் லேசா முனகுதுன்னு சொல்றவங்களைத்தான் நான் நிதானமா விசாரிப்பேன். உள்ளே மாட்டிக்கிட்டவங்க எப்படியும் விடாம ஃபோன் அடிப்பாங்க. முனகல்னு சொன்னவங்க ஒரு தடவைதான் அடிப்பாங்க."

ஒரு திங்கட்கிழமை மேலாளர் எங்களைக் கூப்பிட்டார். வெளியூரில் இயந்திரத்தைச் சரிபார்க்கப் போகும் ஆட்கள் இந்த எச்சரிக்கைப் பக்கங்களைப் பார்த்து மிரண்டு, இயந்திரம் கெட்டுவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்களாம்.

"அடுத்த வெளியீட்டுல எச்சரிக்கை எல்லாத்தையும் எடுத்துடலாம்னு இருக்கேன். வெள்ளிக்கிழமை முடிவு பண்ணிடுவோம்."

அக்காவின் ஆறு வருட வேலை, ஒரே ஓர் அமைப்பை மாற்றினால் போய்விடும். அவர் குரலை உயர்த்தவில்லை.

"என்ன காட்டினா விடுவீங்க சார்?"

"ஒண்ணே ஒண்ணு காட்டுங்க மேடம். இத்தனை எச்சரிக்கையில, உண்மையிலேயே ஒரு மனுஷனுக்குத் தொந்தரவு ஆனது ஒண்ணு."

அந்த மனுஷன் அக்காவின் வீட்டிலேயே இருந்தார்.

அக்காவின் மாமனார் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். மூன்று வருடமாகப் பார்வை இல்லை. சோதனைக்காக வீட்டுக்குக் கொண்டுபோன ஓர் இயந்திரத்தை அவர் திருப்பித் தருவதாக இல்லை. துப்பறியும் கதைகள்தான் கேட்பார். அதுவும் சும்மா கேட்க மாட்டார். வாக்கியத்தின் நடுவில் பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டு, "இவன் பொய் சொல்றான், முழியைப் பாரு" என்று வாதாடிவிட்டுத்தான் மேலே போக விடுவார். இயந்திரத்தை அணைக்கும் பழக்கமே அவருக்கு இல்லை.

செவ்வாய்க்கிழமை மாலை அவர் புகார் சொன்னார். "அம்மாடி, உன் மெஷின் வார்த்தையை முழுங்குது."

"எந்த இடத்தில மாமா?"

"எந்த இடத்திலயா? கரெக்டா சாட்சி வாயைத் திறக்கிற இடத்தில. உங்க கம்பெனி கொலைகாரனுக்கு உடந்தையா?"

"அணைச்சுப் போட்டுப் பார்த்தீங்களா?"

"கதை பாதியில நிக்கும்போது எவன் அணைப்பான்?"

அக்காவும் அணைக்கவில்லை. மடிக்கணினியை இணைத்து, இயந்திரம் எழுதி வைத்திருந்ததைப் படித்தார். அது நாற்பத்தொரு நாளாக ஓடிக்கொண்டிருந்தது. ஓடத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் ஓர் எச்சரிக்கை: ஒலியை நிறுத்திய பிறகும், அதற்காகக் கடனாக வாங்கிய நினைவகத் துண்டு திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு நாற்பத்தொரு நாளும் ஒரு வரிகூட இல்லை.

மறுநாள் அதை அலுவலகத்தில் காட்டினார். ஒலிப் பிரிவுக்காரர் நாற்காலியோடு உருண்டு வந்து பார்த்தார்.

"அக்கா, ஒன்றரை மாசத்துக்கு முன்னாடி ஒரே ஒரு தும்மல். அதுக்கு இன்னைக்குக் காய்ச்சல்னு சொன்னா டாக்டர்கூட நம்ப மாட்டார்."

எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்த எச்சரிக்கை எழுதப்பட்ட வரியைத் திறந்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

கர்னலில் எச்சரிக்கை எழுதும்போது, 'ஒருமுறை மட்டும்' என்று ஒரு நிபந்தனை சேர்க்கலாம். ஒரே விஷயம் ஆயிரம் தடவை நடந்தாலும் முதல் தடவை மட்டும் சொல்லும். இயந்திரத்தை அணைத்துப் போடும் வரை அதற்குப் பிறகு வாயே திறக்காது. பதிவேடு வழிந்து ஓடாமல் இருக்க எல்லோரும் செய்வதுதான். இந்த வரியில் இரண்டு வருடத்துக்கு முன் அந்த நிபந்தனையைச் சேர்த்தது அக்காவேதான். சோதனை மேசையிலும் இந்த எச்சரிக்கை இயந்திரத்துக்குத் தினம் ஒன்று வந்துகொண்டுதான் இருந்தது. மாலை ஆறு மணிக்கு எல்லா இயந்திரங்களையும் நிறுத்தி அணைத்துவிடுவோம். அதனால் நாளுக்கு ஒன்றுக்கு மேல் வர வழியே இல்லை. 'வழக்கம்போல் ஒன்று' என்று அவரே பென்சிலால் அடித்துவிட்டு அடுத்ததைப் பார்த்திருக்கிறார்.

"ஊருக்கெல்லாம் சகுனம் சொல்ற நான், இதோட வாயை நானே கட்டி வெச்சிருக்கேன்" என்றார்.

மதியம் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டு, எத்தனை தடவை நடக்கிறது என்று எண்ணும்படி மாற்றினார். அதை நகலெடுத்துக்கொண்டு அன்று கொஞ்சம் முன்னதாகவே வீட்டுக்குக் கிளம்பினார். மாமனாரைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்ததாம். இயந்திரத்தை ஐந்து நிமிடம் அணைக்க வேண்டுமே. பிறகு அவர் தன் பாணியில் கதை கேட்க, அக்கா பக்கத்தில் உட்கார்ந்து எண்ணைப் பார்த்தார். பதினொரு பக்கத்துக்குள் அறுபத்துநான்கு.

"மாமா, நீங்க அறுபத்துநாலு தடவை நிறுத்தியிருக்கீங்க!"

"அதுக்கு என்ன பண்ணச் சொல்றே? அறுபத்துநாலு பொய் சொல்றான் அவன்."

வியாழக்கிழமை அக்காவும் ஒலிப் பிரிவுக்காரரும் சேர்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். பத்தி முடிந்து ஒலி தானாக நின்றால் நினைவகத் துண்டு ஒழுங்காகத் திரும்பிவிடும். வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினால், ஒலிக்கான நிரல் குறுக்கு வழியாக வெளியேறிவிடும். துண்டைத் திருப்பித் தரும் வரி அந்த வழியில் இல்லை. எங்கள் சோதனை முந்நூறு பக்கங்களையும் நல்ல பிள்ளையாக முழுதாகக் கேட்கும். எதிர்க்கேள்வி கேட்டு நடுவில் நிறுத்தும் வழக்கமே அதற்கு இல்லை. மாலை ஆறு மணிக்கு நாங்கள் அணைக்கும்போது மட்டும்தான் நடுவில் நிற்கும்; தினம் வந்த அந்த ஒன்று அதுதான். நாற்பத்தொரு நாள் நிறுத்தி நிறுத்திக் கேட்டால் ஒலிக்கென்று ஒதுக்கிய இடம் தீர்ந்துபோய், சொற்கள் விழுங்கப்படாமல் என்ன செய்யும்? ஒலிப் பிரிவுக்காரர் ஒரே ஒரு வரி சேர்த்தார்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அக்கா மேசையில் இரண்டு இயந்திரங்களை வைத்தார். ஒன்று பழையது, மற்றது திருத்தியது. இரண்டுக்கும் எதிரே எண் தெரியும் திரை.

"படிக்கும்போது நடுவில நிறுத்துங்க சார்."

மேலாளர் பழையதில் நிறுத்தினார். எண் ஒன்று ஆனது. மறுபடி நிறுத்தினார், இரண்டு. முகத்தைச் சுருக்கிக்கொண்டு பன்னிரண்டு வரை போனார். பிறகு திருத்திய இயந்திரத்துக்கு வந்தார். பூஜ்யம். இன்னொரு தடவை. பூஜ்யம். அதை எப்படியாவது ஏற்றிவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது. கணக்குப் பிரிவிலிருந்துகூட ஆட்கள் வந்து வரிசையில் நின்று அமுக்கிப் பார்த்தார்கள்.

"யார் எழுதின புரோகிராம் இது?" என்று மேலாளர் கேட்டார்.

"என்னோடது சார்" என்றார் ஒலிப் பிரிவுக்காரர்.

"அதை வெளியே தெரியாம மூடி வெச்சது நான்" என்றார் அக்கா.

மேலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, எச்சரிக்கை இருக்கட்டும். ஆனா வெளியே போற நம்ம ஆளுங்க மிரளாம இருக்க ஏதாவது பண்ணுங்க."

அக்கா அங்கேயே, நின்றபடியே எழுதினார். இப்போது எங்கள் இயந்திரங்களின் ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் மேலே அந்த வாசகம் வருகிறது: 'இயந்திரம் கெட்டுவிடவில்லை. கவனித்த ஒன்றைச் சொல்கிறது. கீழே உள்ள எண்ணை எங்களுக்கு அனுப்புங்கள்.'

திங்கட்கிழமை காலை ஒலிப் பிரிவுக்காரர் தன் நாற்காலியை அக்காவின் மேசைக்கு உருட்டி வந்தார். கையில் புதுப் பென்சில்.

"அக்கா, அந்த 'ஒருமுறை மட்டும்' இன்னும் எத்தனை இடத்தில இருக்கு?"

"அறுபத்துமூணு."

"எல்லாத்தையும் எண்ண விட்டுப் பார்ப்போமா?"

"பார்க்கலாம். முதல் இருபதும் உன் கோப்புலதான் இருக்கு."

"அப்போ கடைசியிலேர்ந்து ஆரம்பிப்போம்க்கா."

அக்கா சிரித்துக்கொண்டே முதல் கோப்பைத் திறந்தார்.